பெல்லிகோஸ்

கருங்கல் சந்தைக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் என் மேசை.
மீன்கூடைக்காரிகள் பஸ்ஸைவிட்டு இறங்குகிற நேரம்.
ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு
மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கிய கடிதம் ஒன்றை
கீபோர்டின்மேல் வைத்தாள்
இனயத்து டெல்பின்மேரி.

"பஹ்ரைன் முதலாளி அனுப்பினதாக்கும்.
பய வாசிச்சான். என்னமோ கோஸுன்னு வருதாம்.
முட்டைக்கோஸா மோளே?"

கோஸ்தான். பெல்லிகோஸ்.
சிலுவைதாசன் என்பவர் அப்படிப்பட்டவராம்,
ஆகவே இனி வேலை இல்லையாம்,
நாலு மாதச் சம்பளம் அபராதத்தில் கழிந்துபோயிற்றாம்.

அகராதியைத் திறந்தேன்.
'போர் விருப்பமுடைய' என்றது.

போரா?
அவள் சிரித்ததில்
வில்லங்கச் சான்று எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வள்ளத்துல பங்கு பிரிக்கயில
கொறஞ்சாலும் செரி போட்டும்னு வருத ஆளு.
பூனைக்கு முள்ளு போட்டா
அது தின்னு முடியுமட்டும் காவல் நிப்பாரு.
எனக்க கையால அடி வாங்கினதுண்டு,
அத எழுதண்டாம்."

பிறகு என்னதான் செய்தார்?

"சம்பளம் கேட்டாரு.
ஒருக்கா கேட்டாரு, தலைய ஆட்டினான்.
பின்னயும் ஒருக்கா கேட்டாரு.
மூணாமத்த தடவ
லாஞ்சுல ஏற மாட்டேன்னு
வலைமேல இருந்துட்டாரு.
இருந்தாரு. அவ்வளவுதான்."

எத்தனை வைத்திருக்கிறோம் இதற்குத் தமிழில்.
சண்டைக்கோழி என்றால் கொஞ்சம் செல்லம் கலந்துவிடும்.
வம்பன் என்றால் வேலைவெட்டி இல்லாதவன்.
தினவு, அது நல்ல சொல்:
தோளுக்குள்ளே ஊறுகிற அரிப்பு,
எதிரில் ஆள் கிடைக்காவிட்டால்
தூணையாவது முட்டச் சொல்வது.
எங்கள் பக்கம் சொல்லே வேண்டாம்,
சாரத்தை மடக்கிக் கெட்டினால் போதும்
சந்தை ஒதுங்கி வழிவிடும்.

இதில் எதையும்
வலைமேல் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப்
போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்குகிறது.
இங்கிலீஷ் சொல்லோ
அளவெடுக்காமலே தைத்து வந்திருக்கிறது.
தைக்கச் சொன்னவருக்குப் போட்டுப் பார்த்தால்
இடுப்பு கச்சிதமாக இருக்கும்.

"பதில் எழுது மோளே."

எழுதினேன்: என் கணவர் அப்படிப்பட்டவர் அல்லர்,
தயவுசெய்து

"தயவு வேண்டாம், அழி."

அழித்தேன்.

"அவருக்கு அந்தக் கோஸ் கெடையாது.
எனக்கு உண்டுன்னு போடு."

அந்தச் சொல்லை அப்படியேவா?

"அதே எழுத்து. ஒண்ணும் கொறையண்டாம்.
அவனுக்கு மனசிலாகணும்."

ஒன்பது எழுத்து.
நான் தட்டத் தட்ட
கூறு எண்ணுகிறவள்போல் உதட்டை அசைத்தாள்.
இரண்டாவது 'எல்' வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.
"ரெண்டு எதுக்கு?"
அப்படித்தான் இருக்கும் என்றேன்.
"செரி, கெடக்கட்டும். நமக்கும் ரெண்டு."

பிரிண்டர் முனகி முனகி இழுத்தது.
"உனக்க மொதலாளி ஒழுங்காத் தாறானா?"

காகிதக்கட்டைத் தட்டி நேராக்கினேன்.
முன்பே நேராகத்தான் இருந்தது.

மூலம் பஹ்ரைனுக்கு.
நகல் நாலு. கலெக்டர், தூதரகம், பங்குச்சாமி,
மடியில் செருக ஒன்று.
டைப்பிங் முப்பது, நகல் எட்டு,
முப்பத்தெட்டு ரூபாய் என்றேன்.

"நகலு ரெண்டு ரூவாயா?
புதுக்கடையில ஒண்ணு."

கூடையைத் தரையில் இறக்கினாள்.
சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

முப்பத்திநாலுதான் வாங்கினேன்.